3,400 கிமீ தானே ஓடியிருக்கு, அதுக்குள்ள ஆயில் மாத்தணுமா?

கேள்வி: ஐயா வணக்கம். நான் சென்னை மடிப்பாக்கத்துல இருக்கேன், ஸ்கூல் டீச்சர். எங்க வீட்ல ரெண்டு கார். என்னோடது பெட்ரோல் வேகன்ஆர். ஸ்கூல் 3 கிமீ, போக 12 நிமிஷம் ஆகுது. பாட்டு கிளாஸ், மார்க்கெட், கோயில் எல்லாமே அதே தூரம்தான். போன வருஷம் சர்வீஸ்ல ஃபுல்லி சிந்தெடிக் ஆயில் ஊத்துனாங்க, 10,000 கிமீ தாங்கும்னு சொன்னாங்க. 14 மாசம் ஆச்சு, 3,400 தான் ஓடியிருக்கு, அதனால அப்படியே விட்டுட்டேன். போன வாரம் ஆயில் ஊத்துற மூடிய திறந்து பாத்தா உள்பக்கம் வெள்ளையா க்ரீம் மாதிரி ஒட்டியிருக்கு, பயமா இருக்கு. என் வீட்டுக்காரர் 2021 மாடல் டீசல் க்ரெட்டா வச்சிருக்கார், வாராவாரம் திருச்சி போய்ட்டு வருவார், மாசம் 3,000 கிமீ ஆயிடும். சிந்தெடிக்னா 20,000 வரைக்கும் ஓட்டலாம்னு அவர் ஏதோ வீடியோ பாத்துட்டு சொல்றார். என் தம்பி எதுவா இருந்தாலும் 5,000ல மாத்திடணும்கிறான். யார் சொல்றது சரி? இன்னொண்ணு, கார்ல ஊத்துனது போக அரை லிட்டர் ஆயில் கேன்ல மிச்சம் இருக்கு, பையனோட பைக்ல ஊத்தலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். முதல்ல அவசரமானத சொல்லிடுறேன். உங்க வேகன்ஆர்ல இந்த வாரமே ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க, 3,400 தானே ஓடியிருக்குன்னு யோசிக்காதீங்க. சாரோட க்ரெட்டாவுக்கு 10,000, அதுக்கு மேல போக வேண்டாம். மிச்ச ஆயில பைக்ல ஊத்தாதீங்க. ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

அந்த க்ரீம் விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு பயமே அதுதானே. அது ஆயிலும் தண்ணியும் கலந்தது. தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னா பெட்ரோல்ல இருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகும், நிறைய பேருக்கு இது தெரியாது. காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சர்ல இருந்து சொட்டு சொட்டா தண்ணி விழுறத பாத்திருப்பீங்க, அது இதுதான். முக்கால்வாசிக்கும் மேல சைலன்சர் வழியா வெளிய போயிடும், ஆனா கொஞ்சம் பிஸ்டன் ரிங்கை தாண்டி கீழ ஆயில் சேம்பருக்கு இறங்கிடும், கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம். வண்டி அரை மணி, முக்கா மணி நேரம் நல்லா ஓடுனா ஆயில் சூடாகி இந்த தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி திரும்ப எஞ்சினுக்கே போயிடும், பெட்ரோல் எரிஞ்சிடும், தண்ணி ஆவியாவே சைலன்சர் வழியா வெளிய போயிடும். உங்க வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல. 12 நிமிஷத்துல ஸ்கூல் வந்துடுது, ஆஃப் பண்ணிடுறீங்க. மீட்டர்ல டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்துடுச்சேன்னு கேக்கலாம், அது கூலன்ட்டோட சூடு. ஆயில் சூடாக அதுக்கு மேலயும் நேரம் ஆகும். அப்ப அந்த ஈரம் ராத்திரி ஆறி மேல இருக்குற மூடியில போய் படியுது, அதான் நீங்க பாத்த க்ரீம்.

ஆனா இதே மாதிரி க்ரீம் ஹெட் கேஸ்கெட், அதாவது கூலன்ட்டும் ஆயிலும் கலக்காம எஞ்சினுக்குள்ள அடைச்சு வைக்கிற தகடு, போனாலும் வரும், அது பெரிய வேலை, அதனால ரெண்டையும் பிரிச்சு பாக்கணும். டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் லெவல் பாக்குற கம்பிய, வெளிய எடுத்து ஒரு வெள்ளைத் துணியில தொடச்சு பாருங்க. ஆயில் பழுப்பாவோ கருப்பாவோ தெளிவா இருந்து, மூடியில மட்டும் வெள்ளையா இருந்தா அது நான் சொன்ன ஈரம்தான், கவலை வேண்டாம். டிப்ஸ்டிக்லயே பால் கலந்த டீ மாதிரி இருந்துச்சுன்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல முங்குன வண்டிங்க எங்க ஒர்க்ஷாப்புக்கு வந்தப்ப டிப்ஸ்டிக்க எடுத்தா எல்லாம் அந்த டீ கலர்தான், தண்ணி வடிஞ்சிடுச்சேன்னு ஸ்டார்ட் பண்ணி பாத்தவங்க வண்டி எஞ்சின் பிரிக்கிற வரைக்கும் போச்சு, தொடாம டோ பண்ணிட்டு வந்தவங்க ரெண்டு மூணு தடவை ஆயில் மாத்துனதோட தப்பிச்சாங்க. உங்க ஏரியாவும் தண்ணி நிக்கிற ஏரியாதான், இத ஞாபகம் வச்சுக்கோங்க. கூலன்ட் டப்பாவுல மேல கோடு கீழ கோடு இருக்கும், இன்னைக்கு எஞ்சின் ஆறுன பிறகு லெவல் எங்க இருக்குன்னு ஒரு மார்க்கர்ல குறிச்சு வைங்க. டிப்ஸ்டிக் தெளிவா இருந்தாலும் ரெண்டு வாரத்துல அது குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம்.

இப்ப கிலோமீட்டர் கணக்குக்கு வர்றேன். ஆயிலுக்கு கிலோமீட்டர் தெரியாது, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுச்சு எப்படி ஓடுச்சுன்றதுதான் அதுக்கு கணக்கு. 3 கிமீக்கு 12 நிமிஷம்னா மணிக்கு 15 கிமீ. 3,400ஐ 15ஆல வகுத்து பாருங்க, கிட்டத்தட்ட 227 மணி நேரம் வருது. கிளாஸ் முடியட்டும்னு ஏசி போட்டு வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற நேரம் இதுல சேரவே இல்ல. சார் திருச்சி ரோட்ல சராசரியா 60ல போறார்னு வச்சுக்குவோம், அவருக்கு 10,000 கிமீ ஓட 167 மணி நேரம் போதும். அதாவது உங்க 3,400, எஞ்சின் ஓடுன நேரத்துல அவரோட பத்தாயிரத்தையே தாண்டிடுச்சு. அதுவும் அவர் வண்டி ஓடுனது நல்ல சூட்டுல, உங்களது பாதி நேரத்துக்கு மேல அரைச்சூட்டுல. அப்ப எந்த ஆயில் அதிகமா கெட்டிருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

அதனாலதான் எல்லா கம்பெனி மேனுவல்லயும் கிலோமீட்டர் போட்டு பக்கத்துலயே மாசமும் போட்டிருப்பாங்க. உங்க வண்டிக்கும் சார் வண்டிக்கும் 10,000 கிமீ அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. சர்வீஸ்ல சொல்றவங்க பத்தாயிரத்த மட்டும் சத்தமா சொல்றாங்க, "எது முதல்ல வருதோ"ன்றது காதுல விழாமலே போயிடுது. நீங்க ஏற்கனவே ரெண்டு மாசம் தாண்டிட்டீங்க. வாரன்டி இன்னும் இருக்கிற வண்டின்னா இந்த ரெண்டு மாசமே நாளைக்கு ஒரு பிரச்சனைன்னு போய் நிக்கும்போது அவங்க கைகாட்டுற காரணமா ஆயிடும். மேனுவல்ல அந்த சர்வீஸ் அட்டவணைக்கு பக்கத்துல இன்னொரு அட்டவணை இருக்கும், கடுமையான உபயோகத்துக்குன்னு தனியா போட்டிருப்பாங்க. திரும்பத் திரும்ப குறைஞ்ச தூரம் ஓட்டுறது, நெரிசல்ல நிறுத்தி நிறுத்தி போறது, தூசி ரோடு, இதெல்லாம் அதுல வரும், ஆயில் மாத்துற காலத்த அங்க நல்லா குறைச்சிருப்பாங்க, பல கம்பெனியில பாதியாவே. கடுமையான உபயோகம்னா மலையில லோடு ஏத்திட்டு போறதுன்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க, ஸ்கூலுக்கு 3 கிமீ பொறுமையா ஓட்டிட்டு போற டீச்சர் வண்டிதான் அந்த அட்டவணைக்கு சரியான உதாரணம்.

சிந்தெடிக் ஆயில் நல்லதான்னா நிச்சயமா நல்லது, நானே என் வண்டிக்கு அதுதான் ஊத்துறேன். சாதா மினரல் ஆயில்ல மெழுகு, கந்தகம்னு கச்சா எண்ணெய்ல இருந்த வேண்டாத சங்கதிங்க கொஞ்சம் இருக்கும், மூலக்கூறு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இருக்கும். சிந்தெடிக்ல அது ஒரே சீரா இருக்கும், அதனால சூட்டுல சீக்கிரம் ஆவியாகாது, சீக்கிரம் கெட்டிப்படாது, காலைல ஸ்டார்ட் பண்ணவுடனே மேல வரைக்கும் சட்டுன்னு ஏறிடும். ஆனா கேன்ல இருக்கிறது எல்லாமே அந்த அடிப்படை எண்ணெய் இல்ல டீச்சர். நூத்துக்கு 15ல இருந்து 25 வரைக்கும் சேர்மானம், அதாவது அழுக்க கழுவுறதுக்கு ஒண்ணு, அழுக்கு ஒண்ணா சேந்து கட்டியாகாம இருக்க ஒண்ணு, அமிலத்த முறிக்க ஒண்ணு, இரும்பு இரும்போட உரசாம இருக்க துத்தநாகம் கலந்தது ஒண்ணு. துணி ஊற வச்ச வாளிய நினைச்சு பாருங்க, தண்ணி அப்படியேதான் இருக்கும், சோப்பு செத்துப்போயிருக்கும், அதுக்கு மேல அதுல எவ்வளவு துணி போட்டாலும் அழுக்கு போகாது. ஆயில்லயும் முதல்ல தீர்ந்து போறது இந்த சேர்மானம்தான், தண்ணியும் பெட்ரோலும் கலக்க கலக்க இன்னும் சீக்கிரமா தீரும்.

இன்னொரு விஷயம், கேன் மேல ஃபுல்லி சிந்தெடிக்னு போட்டிருக்கிறது எல்லாம் ஒரே சரக்கு இல்ல. முன்னாடி ரசாயன முறையில புதுசா உருவாக்குன எண்ணெயத்தான் சிந்தெடிக்னு சொல்லிட்டிருந்தாங்க. கச்சா எண்ணெயவே ரொம்ப சுத்தம் பண்ணி அதுக்கும் கேஸ்ட்ரால் கம்பெனி அந்த பேர போட்டப்ப மொபில் கம்பெனி அமெரிக்காவுல புகார் கொடுத்துச்சு, 1999ல விளம்பரங்கள விசாரிக்கிற அமைப்பு கேஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுல இருந்து ரெண்டுமே அந்த பேர்லதான் விக்குது. சுத்தம் பண்ண எண்ணெயும் தரமானதுதான், நான் குறை சொல்லல. சிந்தெடிக்ன்ற ஒரு வார்த்தைய வச்சு 20,000 தாங்கும்னு கணக்கு போட முடியாதுன்னு மட்டும் சொல்றேன்.

சார் பாத்த 20,000 எங்க இருந்து வருதுன்னும் தெரியும். ஐரோப்பாவுல ஃபோக்ஸ்வேகன் மாதிரி கம்பெனிங்க லாங்லைஃப்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, 30,000 கிமீ அல்லது ரெண்டு வருஷம் வரைக்கும் போகலாம். ஆனா அதுக்குன்னே தனி அங்கீகாரம் வாங்குன ஆயில், அதுக்கேத்த எஞ்சின், வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்து எப்ப மாத்தணும்னு தானே சொல்ற கம்ப்யூட்டர், எல்லாம் சேந்துதான் அந்த கணக்கு. அத தூக்கிட்டு வந்து இங்க இருக்கிற வண்டிக்கு பொருத்தக்கூடாது. உங்க தம்பி சொல்ற 5,000 மினரல் ஆயில் காலத்து கணக்கு, அப்ப அது சரியாவே இருந்துச்சு. டீசல்ல கந்தகம், புகைக்கட்டுப்பாட்டு விதி பிஎஸ்3 காலத்துல 350 பிபிஎம் (பத்து லட்சத்துல 350 பங்கு), பிஎஸ்4ல 50, இப்ப 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்6ல 10 தான். கந்தகம்தான் எரிஞ்சு அமிலமா மாறி ஆயில கெடுத்துட்டு இருந்துச்சு. நம்ம ஊர் பெட்ரோல் டீசல் மோசம், அதனால சீக்கிரம் மாத்தணும்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, அந்த காரணம் இப்ப செல்லாது. தூசி, வெயில், டிராஃபிக், குட்டி குட்டி ஓட்டம், இந்த நாலும்தான் இன்னைக்கு காரணம். அதனால சீக்கிரம் மாத்தணும்னு தம்பி சொல்றது உங்களுக்கு பொருந்துது, ஆனா அந்த பழைய காரணத்துக்காக இல்ல, உங்களுக்கு கிலோமீட்டர விட மாசக்கணக்குதான் முக்கியம்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் வண்டி வந்துச்சு, ரிட்டயர் ஆனவர், பெட்ரோல் கார், நாலு வருஷத்துல 9,000 கிமீ தான் ஓட்டியிருந்தார். வாங்குன புதுசுல சிந்தெடிக் ஊத்துனதோட சரி, பத்தாயிரம் வரட்டும்னு காத்திருந்தார். சிக்னல்ல நிக்கும்போது சிவப்பு கலர்ல எண்ணெய் கிண்டி மாதிரி ஒரு லைட் மினுக்குதுன்னு கொண்டு வந்தார். எஞ்சின் மேல இருக்கிற டேப்பட் கவர கழட்டுனா உள்ள கேம்ஷாஃப்ட்டே தெரியல, கருப்பட்டிப் பாகு ஆறி இறுகுன மாதிரி எல்லா மூலையிலயும் அப்பிக்கிடக்கு, ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு கீறுனா கோடு விழுது. கீழ சேம்பர கழட்டுனா ஆயில உறிஞ்சுற ஜல்லடையில முக்கால்வாசி அடைச்சிருக்கு. ஆயில் இருக்கு, ஆனா மேல ஏற வழியில்ல. அந்த லைட் வந்தவுடனே நிறுத்துனதால எஞ்சின் பிழைச்சுது, இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும். அந்த மனுஷன் வண்டிய அவ்வளவு பத்திரமா வச்சிருந்தார், தினம் தொடைப்பார், சீட்ல ஒரு கறை கிடையாது, அவருக்கு இத சொல்லும்போது எனக்கே கஷ்டமா இருந்துச்சு. குறைவா ஓட்டுறவங்க கேள்வி வந்தாலே நான் இவ்வளவு நீட்டி சொல்றதுக்கு அவர்தான் காரணம்.

சரி, உங்களுக்கு என்ன கணக்குன்னா, இப்ப மாத்திட்டு இதே மாதிரி 3 கிமீ ஓட்டமே தொடர்ந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. அது முடியாதுன்னா வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழமை காலைல டிராஃபிக் இல்லாத நேரமா பாத்து கேளம்பாக்கம் வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வாங்க, நடுவுல ஆஃப் பண்ணாம ஒரு 40 நிமிஷம் ஓடணும், 60, 70ல போனா போதும். அப்படி விடாம பண்ணுனீங்கன்னா வருஷத்துக்கு ஒரு தடவை போதும், ஆனா 12 மாசத்துக்கு மேல ஒரு நாள் கூட தள்ளாதீங்க. வீட்டு வாசல்லயே 20 நிமிஷம் எஞ்சின ஓட விட்டா அதே பலன்தானேன்னு கேப்பாங்க, கிடையாது. ஐடிலிங்ல ஆயில் அந்த சூட்டுக்கு வராது, பெட்ரோல்தான் இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும்.

சாரோட க்ரெட்டா விஷயம் வேற. ஹைவே ஓட்டம் ஆயிலுக்கு ரொம்ப சொகுசான ஓட்டம், பத்தாயிரத்துல வடிக்கும்போது அந்த ஆயில் இன்னும் கொஞ்சம் தாங்குற நிலைமையிலதான் இருக்கும், அது எனக்கும் தெரியும். அப்படி இருந்தும் ஏன் தாண்ட வேண்டாம்கிறேன்னா அது டர்போ டீசல், அதாவது புகையோட வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி தள்ளுற டர்போ அதுல இருக்கு. டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அதுக்கும் சுத்தி இருக்கிற பேரிங்குக்கும் நடுவுல இருக்கிறது ஆயில் படலம் மட்டும்தான். அதோட பிஎஸ்6 டீசல்ல புகைக்கரிய பிடிச்சு வைக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு, அது நிறைஞ்சா உள்ள டீசல கூடுதலா விட்டு கரிய எரிக்கும், அந்த டீசல்ல கொஞ்சம் ஆயில்ல போய் கலக்கும். ஹைவேயில இது கம்மி, ஆனா நடுநடுவுல நீங்களோ பையனோ அந்த வண்டிய கடைக்கு எடுத்துட்டு போனீங்கன்னா எரிக்கிற வேலை பாதியில நின்னு நின்னு கலப்பு ஜாஸ்தியாகும். அதனால டிப்ஸ்டிக்ல லெவல் குறையுதான்னு மட்டும் பாக்காதீங்க, ஏறுதான்னும் பாருங்க. மேல் கோட்ட தாண்டி ஏறியிருந்தா அது டீசல் கலந்தது, கிலோமீட்டர் பாக்காம மாத்திடணும். மூணு மூணரை மாசத்துக்கு ஒரு ஆயில் செலவு அவருக்கு அதிகமா தெரியலாம், டர்போ விலைய ஒரு தடவை விசாரிக்க சொல்லுங்க. அந்த வண்டிக்கு ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளோட சங்கம்) தரத்துல சாம்பல் குறைவா வர்ற சி வரிசை ஆயில்தான், மேனுவல்ல எந்த நம்பர் போட்டிருக்கோ அது, ஏன்னா மத்த ஆயில் எரிஞ்சா வர்ற சாம்பல் டிபிஎஃப்ல தங்கிடும், கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயில் கருப்பாயிடுச்சேன்னு மட்டும் மாத்த வேண்டாம், டீசல்ல மாத்துன ரெண்டு மூணு நாள்லயே கருப்பாயிடும், அழுக்க பிடிச்சு வச்சிருக்குன்னுதான் அர்த்தம்.

மாத்தும்போது பக்கத்துல நில்லுங்க டீச்சர், அரை மணி நேர வேலைதான். கேன் சீல் உங்க முன்னாடி உடையணும். மேனுவல்ல 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிசான கிரேடு போட்டிருந்தா அதேதான் ஊத்தணும், நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியா 20டபிள்யூ-40 ஊத்துனாதான் நல்லதுன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, இந்த புது எஞ்சின்ல உள்ள இருக்கிற இடைவெளி எல்லாம் அந்த மெல்லிசு ஆயிலுக்குன்னு வச்சது. ஃபில்டர் கண்டிப்பா புதுசு, டிரெயின் போல்ட் வாஷரும் புதுசு, அது சில்லறைக் காசு, பழசையே போட்டா சொட்டிட்டே இருக்கும். 3.5 லிட்டர் கேன்னா முழுசா கவுக்க விடாதீங்க, மேனுவல்ல இருக்கிற அளவு ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணி, சமதரையில பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாக்கணும். காலி கேன அங்கயே விட்டுட்டு வராதீங்க, ஒரு ஆணியால ரெண்டு ஓட்டை போட்டுட்டு வாங்க, காலி கேன வாங்கி மட்டமான ஆயில அடைச்சு விக்கிறவங்க இருக்காங்க. வடிச்ச பழைய ஆயில சாக்கடையில ஊத்த விடாதீங்க, டிரம்ல சேத்து மறுசுத்திகரிப்புக்கு எடுக்குறவங்க கிட்ட கொடுக்கிற ஒர்க்ஷாப்பா பாத்து போங்க.

பைக்குக்கு வர்றேன். கார்ல எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேற ஆயில். கியர் பைக்ல எஞ்சின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்ல குளிக்குது. கார் ஆயில்ல உராய்வ குறைக்கிற சேர்மானம் இருக்கும், மைலேஜுக்காக போட்டது, அது கிளட்ச் பிளேட்ல ஏறுனா வழுக்க ஆரம்பிச்சிடும், ஆக்சிலேட்டர முறுக்குனா சத்தம் ஏறும், வண்டி ஏறாது. பைக் ஆயில் கேன் பின்னாடி ஜாசோன்ற ஜப்பான் தரக்குறியீட்டோட எம்ஏ இல்லைன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கும், அத பாத்து வாங்க சொல்லுங்க. பைக்ல இருக்கிற அந்த ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்தான் கியர் பல்லு நடுவுலயும் நசுங்குது, அதனால சிந்தெடிக் ஊத்துனாலும் பைக்குக்கு கார் கணக்கு கிடையாது, உங்க பையன் அவரோட பைக் மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டர தாண்ட வேண்டாம். நடுவுல லெவலையும் பாத்துக்கணும், ஒரு லிட்டர்ல 300 மில்லி குறைஞ்சா அது பெரிய குறைச்சல்.

அந்த அரை லிட்டர தூக்கிப் போட வேண்டாம். மூடிய இறுக்கி, மேல வாங்குன தேதி எழுதி, வெயில் படாத இடத்துல வைங்க. இப்ப ஊத்தப்போறதும் அதே கிரேடா இருந்தா அடுத்த ஆறு மாசத்துல லெவல் குறைஞ்சா அத ஊத்திக்கலாம்.

கூலன்ட் டப்பாவுல மார்க் பண்ணீங்கல்ல, ரெண்டு வாரம் கழிச்சு அந்த லெவல் எங்க இருக்கு, மூடிய நல்லா தொடச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு அப்புறம் திரும்ப க்ரீம் வந்துச்சா இல்லையான்னு ரெண்டு வரி எழுதுங்க. லெவல் இறங்கியிருந்தா அதுக்கு என்ன பண்றதுன்னு அப்ப சொல்றேன், அதுவரைக்கும் அந்த ஞாயித்துக்கிழமை ஓட்டத்த தவிர தூரமா எங்கயும் அந்த வண்டிய எடுத்துட்டு போகாதீங்க.